டிராஃப்ட்டில் இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த ஒரு பிக்: எழுதுங்கள்

செராங்கூன்_செம்மலை

மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டில் புளூம்பரோ செட். டிராஃப்ட் என்றால் ஆளுக்கு மூன்று பேக்; பிரித்து ஒரு கார்டை எடுத்து (அதுதான் பிக்) மீதியைப் பக்கத்து ஆளுக்குக் கைமாற்றி, எடுத்ததை வைத்து டெக் கட்டி ஆடுவது. எட்டுப் பேர் மேசை. முதல் பேக்கில் ஐந்து பிக் முடிந்தபோது கையில் வெள்ளை நிறக் கார்டு மூன்று, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. ஆறாவதாக வந்த பேக்கில் ஒன்பது கார்டு. அதில் வெள்ளை-சிவப்பு சீட்கிளேவ் மென்டர் ஒன்று, கறுப்பு சேவர் இரண்டு. சேவரில் ஒன்று ஃபாயில் (மின்னும் படலம் உள்ள கார்டு).

எடுத்தது மென்டர். மூன்று மானாவுக்கு (லேண்ட் கார்டுகள் தரும் சக்தி) 3/2, அதாவது தாக்கும் வலு 3, தாங்கும் வலு 2; விஜிலன்ஸ் (தாக்கிய பிறகும் தடுக்கலாம்), ஹேஸ்ட் (இறங்கிய டர்னிலேயே தாக்கலாம்). சுண்டெலி டெக் கட்டுகிறவன் விடமாட்டான். வெள்ளை ஏற்கெனவே இருக்கிறது, சிவப்பும் ஒன்று இருக்கிறது என்ற கணக்கு. இரண்டு சேவரும் இடப்பக்கம் போய்விட்டன.

இரண்டாம் பேக்கில் சிவப்பு வற்றிப் போனது. மூன்றாம் பேக்கில் வலப்பக்கத்திலிருந்து நல்ல கறுப்பு கார்டுகள் ஏழாவது, எட்டாவது பிக் வரை வந்துகொண்டே இருந்தன. கடைசியில் 40 கார்டு டெக்கில் லேண்ட் போக மீதி 23 இடத்துக்கு உருப்படியாகத் தேறியது 19. மீதி நான்கும் வேறு வழியில்லாமல் போட்டவை.

அந்த ஒன்பது கார்டும் விரிந்த நொடி, ஃபாயில் சேவர் ஓரத்தில் மின்னியது, அது மட்டும் போகமாட்டேன் என்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு பிக் இருக்கும். எழுதுங்கள்.

பதினேழு_லேண்ட்

செம்மலை அண்ணா, ஆறாவது பிக்கில் மென்டர் வந்ததை "வெள்ளை-சிவப்பு திறந்திருக்கிறது" என்று படித்திருக்கிறீர்கள். பிசகு அங்கேதான்.

கணக்கு எளிது. எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு நிறம், மொத்தம் 16. ஐந்து நிறத்துக்குப் பங்கிட்டால் ஒரு நிறத்துக்குச் சராசரி 3.2 பேர். இரு நிற ஜோடிகள் பத்து. ஒரு ஜோடிக்கு 0.8 பேர். அதாவது மென்டர் மாதிரி இரு நிறக் கார்டை விரும்பக்கூடியவர் மேசையிலேயே ஒருத்தர் இருந்தால் உண்டு. அது ஆறாவது பிக் வரை வருவது இயல்பு. ஆனால் சேவர் தனி நிறம். இரண்டு மானா, ஒரு கிரீச்சருக்கு (களத்தில் சண்டையிடும் கார்டு) -2/-2, கூடவே உயிர் கூட்ட உதவும் ஒரு ஃபுட் டோக்கன். கறுப்பு எடுக்கும் யாரும் டெக்கில் போடுவார்கள். ஐந்து பேர் இரண்டு பிரதியையும் தாண்டி விட்டிருக்கிறார்கள். அந்தப் பேக்கில் பேசிய கார்டு அதுதான்.

ஒரே பேக்கை வைத்து நிறம் மாறச் சொல்லவில்லை. ஏழாவதிலும் எட்டாவதிலும் கறுப்பு எப்படி வந்தது, ஒன்பதாவதில் உங்கள் முதல் பேக் ஆறு கார்டோடு திரும்பியபோது அதில் எந்த நிறம் மிஞ்சியிருந்தது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதல் பேக்கைக் கைமாற்றும்போதே நாலு கார்டையாவது நினைவில் வைக்க வேண்டும். பேரெல்லாம் வேண்டாம்; "கறுப்பு நல்லது இரண்டு, பச்சை நல்லது ஒன்று, நீலம் சுமார் ஒன்று" என்றால் போதும். திரும்பி வரும்போது கறுப்பு இரண்டில் ஒன்று இருந்தால் பொருள் தெளிவு.

கிராஞ்சி_சதுப்பு

இரண்டு சேவரில் ஒன்றை எடுத்தால் இன்னொன்று இடப்பக்கத்து ஆளுக்குப் போகுமே, அதை யாரும் சொல்லவில்லை. அவர் கறுப்புக்கு வருவார். இரண்டாம் பேக் அவரிடமிருந்துதான் நமக்கு வரும். அப்போது கறுப்பு வெட்டுப்படும்.

இருந்தாலும் எடுக்கலாம் என்பதே என் கட்சி. 42 பிக்கில் வலப்பக்கத்திலிருந்து வருவது 26, இடப்பக்கத்திலிருந்து 13, நாமே பிரிப்பது மூன்று. 26ஐ நம்புகிறவன் 13ல் கொஞ்சம் இழக்கலாம்.

எங்கள் மேசை அனுபவம் வேறு. ரிட்டர்ன் டு ராவ்னிக்கா, 2012, செட் வந்த முதல் வாரம். 'பேக் ராட்' என்ற எலிக் கார்டை முன்னால் வைத்துக்கொண்டு, கிரீச்சரைக் கொல்லும் ஆகர் ஸ்ப்ரீயை எடுத்து, ராட்டை இடப்பக்கம் தள்ளியாகிவிட்டது. ரிமூவல் (எதிராளியின் கிரீச்சரை அகற்றும் கார்டு) முதலில் என்ற பழைய பாடம்.

மூன்றாம் சுற்றில் எதிரே அதே ராட். இரண்டாம் டர்னில் 1/1ஆக இறங்கியது; அவர் களத்தில் எத்தனை ராட்டோ அத்தனை அதன் வலு. மூன்றாம் டர்னில் மூன்று மானா கட்டி, கையிலிருந்து ஒரு கார்டைக் கழித்து, இன்னொரு ராட், இரண்டும் 2/2. நாலாம் டர்னில் மூன்று ராட், எல்லாம் 3/3. ஆறாம் டர்னில் ஆறு மானா, ஒரே டர்னில் இரண்டு. தன் கையில் இருந்த எந்த மந்திரத்தையும் எதிராளி போடவே இல்லை. லேண்ட், மந்திரம், எதுவானாலும் கழித்தால் ராட். இரண்டாம் டர்னிலேயே, அவர் மானாவெல்லாம் தீர்ந்திருக்கும்போது கொன்றால்தான் உண்டு. அப்புறம் ஒரு ராட்டைக் கொல்ல நினைக்கும்போதே அவர் பதிலுக்கு இன்னொன்றை உண்டாக்கினால் எல்லாமே ஒரு படி பெரிதாகிவிடும்.

அதை நாம் விளையாடாவிட்டாலும் எடுத்து ஓரமாய்ப் போட்டிருக்க வேண்டும். அந்த மாதிரி கார்டை இடப்பக்கம் கொடுக்கவே கூடாது.

பதினேழு_லேண்ட்

சதுப்பு சொன்ன கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. ராட்டை எடுத்திருக்க வேண்டும், சரி. விளையாட எடுத்திருக்க வேண்டும். முதல் பேக்கின் ஆரம்பத்தில் எந்த நிறமும் இன்னும் மூடவில்லை.

பிறருக்குப் போகாமல் மறுக்க மட்டும் எடுப்பதன் பலன் எவ்வளவு? மூன்று சுற்று, மேசையில் மற்ற ஏழு பேர். இடப்பக்கத்து ஆளைச் சந்திக்கும் வாய்ப்பு ஏழில் மூன்று, 43 விழுக்காடு. சந்தித்தாலும் 40 கார்டில் அந்த ஒன்றை அவர் பார்க்க வேண்டும். எட்டாம் டர்ன் வரை போனால் சுமார் 15 கார்டு பார்ப்பார், 37.5 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் 16. நாம் விளையாடும் ஒரு நல்ல கார்டோ நம் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த 37.5ஐக் கொடுக்கும். ஆக, பாதிக்கும் குறைவான பலனுக்காக ஒரு பிக்கைக் கொடுக்கிறோம். பத்தாவது பிக்குக்கு மேல் நமக்கு ஒன்றுமே இல்லாதபோது மறுத்து எடுங்கள், செலவே இல்லை.

மேஜிக்கின் கணினி வடிவமான ஆரீனாவில் பிரீமியர் டிராஃப்ட் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. அங்கே எதிராளி நம் மேசையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

தெம்பனிஸ்_தீவு

ஆரீனா என்றதும் எழுதத் தோன்றியது. ஆரீனா டிராஃப்ட் புள்ளிவிவரம் தரும் 17லேண்ட்ஸ் தளத்து எண்களைப் பார்த்து, வழக்கமான 17க்குப் பதில் 16 லேண்டோடு கடை டிராஃப்டில் உட்காருகிறவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் எங்கள் மேசையில் மூன்று டெக் அப்படி. ஒரு சுற்றில் நாலாவது டர்னில் இரண்டே லேண்ட், கையில் நாலு மானா கார்டு மூன்று விரித்து வைத்தபடி. அந்தக் கை இன்னும் கண்முன் நிற்கிறது.

ஆரீனாவில் ஒரே ஆட்டப் போட்டிகளில் தொடக்கக் கையை மென்மைப்படுத்துகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கைகளை எடுத்துப் பார்த்து, டெக்கின் லேண்ட் விகிதத்தை ஒட்டிய கையைத் தரும் ஏற்பாடு. கலைத்துப் போட்ட நிஜக் கார்டுக்கு அந்தக் கருணை கிடையாது. முதலில் ஆடுகிறவர் நாலாம் டர்னில் பார்த்திருப்பது 10 கார்டு. 17 லேண்டில் அதற்குள் இரண்டோ அதற்கும் குறைவோ மட்டும் வர வாய்ப்பு 9.6 விழுக்காடு, 16 லேண்டில் 13.1. நூறு ஆட்டத்துக்கு மூன்று நாலு ஆட்டம் கூடுதலாய் நின்றே போகும்.

அந்தத் தளத்து எண்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கையில் வந்தபோதைய வெற்றி விகிதம் உயர்ந்தும், சராசரியாகக் கடைசியாகக் கண்ணில் படும் பிக் பிந்தியும் இருக்கிற காமன்கள் (எளிதில் கிடைக்கும் கார்டுகள்) எவை என்று ஐந்தாறைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் குறைத்து மதிக்கும் கார்டு அவைதான். லேண்ட் எண்ணிக்கையை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

மூன்றாம் நிறத்துக்கும் இதே கதிதான். மூன்று லேண்ட் போட்டால் போதும் என்று ஒரு ரேரை, அதாவது அரிய கார்டை, சேர்ப்பார்கள். முதலில் ஆடி ஆறாம் டர்னுக்குள் அந்த மூன்றில் ஒன்றாவது வர வாய்ப்பு 67 விழுக்காடு. நாலு வைத்தால் 78. மூன்று ஆட்டத்தில் ஒன்றில் அந்த ரேர் கையிலேயே கிடக்கும். அதைத் தாங்கும் கார்டா என்று பார்த்துச் சேருங்கள். இரண்டாம் டர்னில் ஒரே நிறத்தில் இரண்டு மானா கேட்கும் கார்டு இன்னும் மோசம். அந்த நிறத்தில் ஒன்பது லேண்ட் இருந்தாலும் நேரத்துக்குக் கிடைப்பது 59 விழுக்காடுதான்.

பாசிர்ரிஸ்_வனம்

எல்லாரும் ரேரைப் பற்றியே எழுதுகிறீர்கள். இனிஸ்ட்ராட் செட், 2011. டிராவல் பிரிபரேஷன்ஸ் வெறும் காமன். இரண்டு மானாவுக்கு இரண்டு கிரீச்சருக்குத் தலா ஒரு +1/+1 கவுண்டர். அப்புறம் கிரேவ்யார்டிலிருந்து (போட்டு முடித்த கார்டு போகும் குவியல்) இன்னும் இரண்டு மானாவுக்கு அதையே மறுபடி. ஒரே கார்டு, நாலு கவுண்டர். பேக்கில் அதையும் ஒரு ரேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ரேரை எடுத்தவர்களுக்கு, நாலாம் டர்னில் இரண்டு சின்ன கிரீச்சரும் 4/4ஆக நின்றபோதுதான் புரிந்தது.

பேக்கில் ரேர் இருக்கிறதா இல்லையா என்பதே இப்போது குழப்பம். பழைய 15 கார்டு பேக்கில் இரண்டாவது பிக்கில் ரேர் இன்னும் கிடந்தால், ஃபாயிலை ஒதுக்கிவிட்டு, வலப்பக்கத்து ஆள் காமனோ அன்காமனோ எடுத்தார் என்று உறுதியாய்ச் சொல்லலாம். 2024 முதல் வரும் ப்ளே பூஸ்டரில் 14 கார்டு. ரேர் இடம் ஒன்று போக, காமன் முதல் ரேர் வரை எதுவும் வரக்கூடிய இடம் ஒன்று, ஃபாயில் இடம் ஒன்று. அவர் ஒரு ரேரை எடுத்த பிறகும் இன்னொன்று இருக்கலாம். பழைய ஊகத்தை அப்படியே கொண்டுவந்தால் ஏமாறுவோம்.

ஈசூன்_எலி

ஒன்றே ஒன்று. சமூக மன்றத்து அறையில் நடந்த டிராஃப்ட். இரண்டு தம்பிகள் அருகருகே. ஒருத்தர் பேக்கைக் கைமாற்றும்போது மெதுவாக, "பச்சை ஓடுதுடா, எடுத்துக்கோ." தமிழில் சொன்னால் மேசையில் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு.

எந்த மொழியானாலும் எடுத்ததையும் எடுக்கப் போவதையும் சொல்லக்கூடாது. பெருமூச்சு விடுவது, கார்டைத் தட்டிக் காட்டுவதும் அதில் சேரும். நம்மோடு உட்காருகிற சீன, மலாய் நண்பர்கள் நம்பி உட்காருகிறார்கள். அந்த நம்பிக்கையை நம் மொழியை வைத்து உடைக்கலாமா? அது நெஞ்சை உறுத்துகிறது.

உட்லண்ட்ஸ்_உறை

செம்மலை, உங்கள் ஃபாயில் சேவரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் ஃபாயில் வளையும். காகிதப் பக்கம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஃபாயில் படலம் இழுக்காது, அதனால் வளைவு. ஏர்கான் கடையிலிருந்து எடுத்துப்போய் புளோக் கீழே மேசையில் வைத்தால் சீக்கிரமே தெரியும். உறையில்லாத 40 கார்டு டெக்கில் வளைந்த ஒரு கார்டு அடையாளம் இட்ட கார்டுதான். எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்தாலே புலப்படும். ப்ளே பூஸ்டர் ஒவ்வொன்றிலும் ஒரு ஃபாயில் இருப்பதால் டெக்கில் ஒன்றிரண்டு வந்தே தீரும். ஆகவே டிராஃப்டுக்குப் போகும்போது ஒரே நிற, ஒரே கட்டு உறை 45 கொண்டு போங்கள். 40 டெக்குக்கு, ஐந்து கிழிந்தால் மாற்ற. லேண்டுக்கும் போட வேண்டும். பழைய உறையையும் புதிய உறையையும் கலக்கக்கூடாது, தேய்மானத்தில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. இரண்டு பேக்குக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் எடுத்ததை நிற வாரியாக அடுக்குகிறார்கள். மானா வாரியாகவும் எண்ணுங்கள். இரண்டு மானா கிரீச்சர் எத்தனை? 23ல் கிரீச்சர் 15, 16 வேண்டும். அதில் இரண்டு மானா ஐந்தாவது வேண்டும். ஐந்து மானாவுக்கு மேல் நாலைத் தாண்டினால் மூன்றாம் பேக்கில் பெரியதைத் தொடவே கூடாது. மூன்றாம் பேக் ஆரம்பிக்கும்போது இரண்டு மானா கிரீச்சர் இரண்டுதான் என்றால், சுமாரான இரண்டு மானா கார்டை நல்ல நாலு மானா கார்டுக்கு மேலே எடுக்க வேண்டும்.

கிராஞ்சி_சதுப்பு

உறை அண்ணே, கேட்டது பிக்கைப் பற்றி. ஆனால் இரண்டு மானா கணக்கு சரி; செம்மலையின் டெக்கில் குறைந்த அந்த நாலு கார்டும் அந்த இடத்தில்தான் குறைந்திருக்கும்.

பதினேழு லேண்ட், 16 விழுக்காடு கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. ராட்டைப் பெற்றவர் அன்றே கறுப்புக்கு மாறுவார். இரண்டாம் பேக்கில் நமக்குக் கறுப்பு வராது. நாம் கறுப்பில் இருந்தால் அந்தச் செலவையும் கூட்டுங்கள்.

பதினேழு_லேண்ட்

அதை ஒத்துக்கொள்கிறேன். நாம் அந்த நிறத்தில் இருந்தால் மறுப்பது இல்லை அது, நம் கார்டு.

செராங்கூன்_செம்மலை

சதுப்பு சொன்னது சரிதான், இரண்டு மானா கிரீச்சர் மூன்றே இருந்தது. அந்த ஆறாவது பேக் பதினான்காவது பிக்கில் ஒரே கார்டாய்த் திரும்பி வந்தது: ஒரு பேசிக் லேண்ட். இரண்டு சேவரும் போயிருந்தன, ஆனால் அதற்குள் மற்ற ஏழு பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்துவிட்டதால் இடப்பக்கம் கறுப்பு எடுத்தார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஏழாவதையும் எட்டாவதையும் கவனித்து வைக்கவில்லை.

வரும் வெள்ளி ஆறு பேர்தான் தேறுவார்கள் போலிருக்கிறது. வீல் கணக்கு, அதாவது பேக் ஒரு சுற்று முடிந்து நம்மிடமே திரும்பும் கணக்கு, எப்படி மாறும்?

பதினேழு_லேண்ட்

ஆறு பேர் என்றால் முதல் பேக் ஏழாவது பிக்கிலேயே எட்டுக் கார்டோடு திரும்பும், பதின்மூன்றாவதில் இரண்டு கார்டோடு மறுபடி. அதனால் முதல் பேக்கில் நல்ல காமன் மூன்று இருந்தால் ஒன்று திரும்பி வரும் என்று நம்பி, முதல் பிக்கில் நிறம் பார்க்காமல் வலுவானதையே எடுக்கலாம். ஒரு நிறத்துக்குச் சராசரி 2.4 பேர்தான், ஆனால் பேக்கும் அதே அளவு குறையும், அதனால் டெக் கெட்டியாகும் என்று எண்ண வேண்டாம். ஏழு பேர் வந்துவிட்டால் எட்டாவது பிக்கில் ஏழு கார்டு. ஒவ்வொரு பேக்கையும் சரியாக இரண்டு முறை பார்ப்பீர்கள்.