புதுப்பிப்பு: குதிரை வார் தைக்கும் மெஷின்

ஈசிஆர் குதிரைப் பண்ணைக்குக் கடிவாள வார் தைக்க எந்த மெஷின் தாங்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன வாக்கிங் ஃபுட் மெஷினையே வாங்கிவிட்டேன். அருமை! ஊசியும் பாதமும் சேர்ந்தே நகர்வதால் இரண்டு அடுக்குத் தோலும் விலகாமல் போகிறது. பெரியமேட்டுத் தோல், 23ஆம் நம்பர் ஊசி, பாண்டட் நைலான் நூல் (இழை பிரியாமல் ஒட்டிய நூல்), 5 மி.மீ. தையல். மேல் நூலும் கீழ் நூலும் பின்னும் முடிச்சு அடியில் எட்டிப் பார்த்தால், மேல் நூலின் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்குகிறேன். முடிச்சு தோலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பக்கிள் அருகே மெஷினின் சக்கரத்தைக் கையால்தான் சுற்றுகிறேன்.

அப்புறம், சேணத்தின் வயிற்றுவாரை மட்டும் இன்னமும் இரட்டை ஊசி போட்டுக் கையால்தான் தைக்கிறேன். அதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அறுந்தால் அவிழத் தொடங்கிவிடும். மேலே ஆள் உட்கார்ந்திருக்கிறாரே.