கப்பல்ல ரூமுக்கே டிபன் வருமா, சூட்ங்கற பெரிய ரூம் எடுத்தாதானா?

அப்பா அம்மாவோட சிங்கப்பூர்ல இருந்து ராயல் கரீபியன் கம்பெனி கப்பல்ல போறோம், பால்கனி கேபின்தான். அம்மாவுக்கு முட்டிவலி, தினமும் பஃபேக்கு நடக்க முடியாது, காலைல ரூமுக்கே டிபன் வருமா?

> எந்த கேபினா இருந்தாலும் வரும்ங்க. உங்க பால்கனி கேபின்ல காசு, என்ன கேக்குறோம்னு பாத்துதான். பன், பழம், சீரியல், காபி மாதிரி கான்டினென்டல்னா ஃப்ரீ, ஆம்லெட் மாதிரி சூடா கேட்டா நான் போனப்ப ஆர்டருக்கு 7.95 டாலர், அதுமேல 18% சர்வீஸ் சார்ஜ். தலைக்கு இல்ல ஆர்டருக்கு, அதனால மூணு பேருக்கும் சேத்து ஒரே ஆர்டரா போட்டுருங்க.

> ராத்திரி படுக்கும்போது டிபன் ஆர்டர் கார்டுல டிக் அடிச்சு கதவுல வெளிப்பக்கம் மாட்டணும், மறந்துடாதீங்க. நாங்க போன ஒரு கப்பல்ல எட்டு மணின்னு போட்டா ஏழேகாலுக்கே தட்டிட்டாங்க, வீட்டுக்காரர் துண்டோட போய் தட்ட வாங்குனாரு 😄

> சூட்டுக்கும் சாதா கேபினுக்கும் வித்தியாசம் நல்லா தெரியணும்னா குனார்டுங்கற வேற கம்பெனி கப்பல்தான். ரூம் சர்வீஸ் எல்லாருக்கும் ஃப்ரீ, ஆனா குயீன்ஸ் கிரில்ங்கற உசந்த கிளாஸ் சூட்காரங்களுக்கு ரூம்லயே மேஜை விரிச்சு ஒவ்வொண்ணா பரிமாறுவாங்க.

> ரொம்ப நன்றி! இட்லி கேட்டா கிடைக்குமா? அப்பா கேக்குறாரு.

> ரூமுக்கு வராது, பஃபேல பாருங்க.