தொண்டுக்காக வியாபாரப் போட்டி நடத்தியவர்கள், கலந்துகொண்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லூரியில் போட்டி நடத்துபவர்:

எங்கள் போட்டி இப்படித்தான். ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் ஒரே அளவு சிறு தொகையை முதலாகக் கொடுப்போம், ஒரு மாதம் அவகாசம், அதை வைத்து எதையாவது செய்து விற்றோ வேலை செய்து கொடுத்தோ சம்பாதிக்க வேண்டும். கடைசியில் முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாபம் முழுவதையும் முன்பே தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். புதிதாக நடத்த நினைப்பவர்கள் கோப்பை, மேடை, சுவரொட்டி என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அதெல்லாம் எப்படியாவது நடந்துவிடும். எதை லாபம் என்று எண்ணப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அந்த விதி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் ஓடுவார்கள்.

ஒரு முறை ஒரு குழு முதல் வாரத்திலேயே கட்டாகப் பணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. சாவிக்கொத்து விற்றார்களாம். விற்பனைத் தாளை வாங்கிப் பார்த்தால் அப்பா, சித்தப்பா, மாமா, அப்பாவின் நண்பர் என்று வரிசையாகப் போகிறது, ஒருவர் ஒரு சாவிக்கொத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பெட்டி சாவிக்கொத்தே வாங்கிவிடலாம். அதே சமயம் இன்னொரு குழு வீடு வீடாகப் போய்ப் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரித்தால் கிழிந்துவிடும், அதனால் பக்கத்தை அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து எடுத்துவிட்டு, அப்புறம் கணினியில் தனித்தனியாக வெட்டினார்கள். ஒருவன் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுப் பெரியவர் "இது என் தம்பி, இது வேலைக்குச் சேர்ந்த வருஷம் எடுத்தது" என்று சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டான். அந்தப் பெயரையும் வருஷத்தையும்தான் ஒவ்வொரு கோப்புக்கும் பெயராக வைத்தார்கள். வேலையைப் பார்த்த வீட்டார் அவர்களாகவே அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். இருந்தும் வரவு என்னவோ சாவிக்கொத்துக் குழுவினுடையதில் பாதிகூட இல்லை.

அந்தக் குழுவிலிருந்த மாணவி என்னிடம் நேராகவே கேட்டாள்: "சார், அவங்களுக்குக் கிடைச்சது நன்கொடை. நாங்க செஞ்சது தொழில். ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு நிறுத்தா எப்படி சார்?"

அவள் கேட்டது முழுக்க நியாயம். இப்போது எங்கள் கணக்குத் தாளில் விற்பனை தனி, நன்கொடை தனி. இரண்டும் தொண்டுக்குத்தான் போகும், ஆனால் போட்டிக்கு விற்பனையை மட்டும்தான் எண்ணுவோம். சொந்தக்காரர்கள் தாராளமாக வாங்கலாம், ஊருக்கெல்லாம் சொன்ன விலைக்கு மேல் அவர்கள் கொடுப்பது நன்கொடைப் பத்தியில் ஏறிவிடும். இலவசமாகக் கிடைத்த பொருள் விஷயத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. முன்பின் தெரியாத கடைக்காரரிடம் பேசி மீந்த துணியை வாங்கி வருவது திறமை, அதைச் செலவாகக் கழிக்க எனக்கு மனம் வராது. அதுவே அப்பாவின் அச்சகத்தில் நாட்குறிப்பு அடித்துக்கொண்டு வந்தால் அது வீட்டிலிருந்து வந்த முதல், சந்தை விலைக்குச் செலவில் சேர்த்தே ஆக வேண்டும். மற்றக் குழுக்களுக்கு அப்படி ஓர் அப்பா இல்லையே.

ரொக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விற்ற அன்றே இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, உறைமேல் தொகையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஒட்டித் தர வேண்டும். வரவிலிருந்து எடுத்துச் செலவு செய்யக் கூடாது, செலவெல்லாம் நாங்கள் கொடுத்த முதலிலிருந்துதான், ரசீதோடு. பிள்ளைகள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. படிக்கிற வயதில் ஒருவர்மேல் பணச் சந்தேகம் விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது லேசான காரியம் இல்லை, அந்தக் கையெழுத்துதான் அவர்களுக்குக் காவல்.

நடுவராக இருந்தவர்:

விற்பனை வேறு, நன்கொடை வேறு என்பது சரி. ஆனால் அந்தக் கோடு நீங்கள் சொல்கிற அளவுக்கு நேராக இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டீனா சீலிக் தன் மாணவர் குழுக்களுக்கு ஓர் உறையில் 5 டாலர் கொடுத்து, உறையைத் திறந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்க்கச் சொன்ன பயிற்சி பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு குழு சைக்கிளில் வருபவர்களுக்கு டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்தது, அடிக்க வேண்டியிருந்தால் 1 டாலர். பாதியில் விலை சொல்வதை நிறுத்திவிட்டு, விரும்பியதைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வரவு கிடுகிடுவென்று ஏறியது. இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? என்னைக் கேட்டால் இது விற்பனைதான். அறிமுகமில்லாத ஒருவர், தனக்கு நடந்த வேலையைப் பார்த்து, தானே விலை போட்டுக் கொடுத்த பணம் அது. கொடுத்தவர் யார் என்று பாருங்கள், அதை என்ன பெயர் சொல்லிக் கொடுத்தார் என்பதைப் பார்க்காதீர்கள்.

அதே பயிற்சியில் அதிகம் சம்பாதித்த குழு 5 டாலரைத் தொடவே இல்லை. வகுப்பில் தங்களுக்கு ஒதுக்கியிருந்த 3 நிமிடப் பேச்சு நேரத்தை, அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றுவிட்டது. கெட்டிக்காரத்தனம், சந்தேகமே இல்லை. ஆனாலும் நடுவர் இருக்கையில் உட்காரும்போது எனக்கு சைக்கிள் குழுவைத்தான் பிடிக்கிறது, அந்த வேலைக்கு அடுத்த வாரமும் ஆள் வருவார்கள். உங்கள் ஸ்கேன் குழுவும் அந்த ரகம்தான்.

அலுவலகப் போட்டியில் கலந்துகொண்டவர்:

எங்கள் இடத்தில் துறைக்கு ஒரு குழு. ஒரு மேலாளர் தன் குழுவுக்காக, எங்களுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போட்டார், "சும்மா, விருப்பமிருந்தால் வாங்குங்கள்" என்று. நம்மிடம் ஒப்பந்தம் வைத்திருப்பவர் எப்படி வேண்டாம் என்பார்? எல்லோரும் வாங்கினார்கள், அந்தக் குழு ஜெயித்தது, கைதட்டினோம். இன்று நினைத்தாலும் எனக்குக் கசக்கிறது. அலுவலகத்தில் நடத்துபவர்கள் தயவுசெய்து சப்ளையரிடமும், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடமும் விற்கக் கூடாது என்று முதல் விதியாகவே போடுங்கள்.

தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர்:

நான் பணத்தைப் பெறுகிற பக்கம் இருக்கிறேன். யாராவது இப்படிப் போட்டி நடத்துகிறார்கள் என்றால் எங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான், இன்ன செலவுக்குத்தான் என்ற கட்டுப்பாடில்லாமல் வருகிற பணம் எங்களுக்கு அபூர்வம். ஆனால் தயவுசெய்து முதலில் எங்களைக் கேளுங்கள். ஒரு நிறுவனம் எங்கள் சின்னத்தைச் சுவரொட்டியில் அச்சடித்திருந்தது எங்களுக்கே தெரியாது. யாரோ ஒருவர் தொலைபேசியில் "உங்கள் பேரைச் சொல்லி வாசலில் நிற்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். சுவரொட்டியில் விற்கும் பணம் முழுவதும் எங்களுக்கு என்று போட்டிருந்தார்கள், வந்ததோ செலவு போக மிச்சம், அதுவும் போட்டி முடிந்து பல மாதம் கழித்து. வாங்குகிறவரிடம் இதில் எவ்வளவு போய்ச் சேரும் என்று உள்ளபடி சொல்லிவிட்டால் அவர் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார். ஒரு கடிதம் கேளுங்கள், நாங்கள் தருகிறோம், விற்கப் போகும் பிள்ளைகள் அதைக் கையில் வைத்திருக்கட்டும்.

இன்னொன்று. பணம் எங்கே போகிறது என்று போட்டியாளர்களுக்குப் புரிந்திருந்தால் அவர்கள் விற்கிற விதமே மாறுகிறது. பிரிட்டனில் மைக்ரோ டைக்கோ என்று ஒரு போட்டி நடத்தியிருக்கிறார்கள், 1 பவுண்டுதான் முதல், ஒரு மாதம்தான் அவகாசம், திரட்டிய பணம் ஏழைகளுக்குத் தொழில் தொடங்கச் சிறுகடனாகப் போனது. கையில் கொஞ்சூண்டு முதலோடு நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டவன், அதே நிலையில் இருக்கிற இன்னொருவருக்காகத் திரட்டுகிறான். எனக்கு அந்தப் பொருத்தம் மிகவும் பிடித்திருக்கிறது.

கல்லூரியில் போட்டி நடத்துபவர்:

சைக்கிள் உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன், கொடுத்தவர் யார் என்று பார்ப்பதுதான் இன்னும் நல்ல விதி. அடுத்த முறை தாளில் "வாங்கியவர் நமக்கு யார்" என்று ஒரு பத்தி சேர்க்கப் போகிறேன். அலுவலகக்காரர் சொன்னதும் எங்களுக்குப் பொருந்தும், மதிப்பெண் போடுகிற ஆசிரியரிடம் மாணவர் விற்பதும், ஆசிரியரே மாணவரிடம் போய் வாங்கச் சொல்வதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

குலுக்கல் சீட்டு விற்கலாமா என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பல நாடுகளில் குலுக்கல் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகிறது, தொண்டுக்கு என்றாலும் அனுமதியோ பதிவோ கேட்பார்கள், சில இடங்களில் நடத்தவே முடியாது. உங்கள் இடத்தில் சட்டம் என்ன என்று விசாரிக்காமல் இறங்காதீர்கள். நாங்கள் அதை மொத்தமாகவே விலக்கிவிட்டோம்.

விற்காமல் மிஞ்சிய சரக்கை லாபத்தில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாட்டோம். கடைசி நாள் மாலை மணி அடித்த பிறகு கையில் இருப்பதன் மதிப்பு எங்களுக்குப் பூஜ்யம். அதனால்தான் கடைசி வாரம் குழுக்கள் விலையைக் குறைத்தாவது தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அப்படியும் மிஞ்சியது தொண்டு நிறுவனத்துக்குப் பயன்படுமென்றால், அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்பி வைக்கிறோம்.