துருவக் கடல் உணவு வலையில் நீரோட்டத்தை எங்கே வரைவது?

கரையோரம்_சிங்கை:
வணக்கம். ஜேசி (தொடக்கக் கல்லூரி) மாணவர்களுக்காகத் துருவக் கடல் உணவு வலைப் படம் ஒன்று தயாராகிறது. பாசி, கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்), பெங்குயின், சீல், திமிங்கிலம் என்று அம்புக்குறிகள் போட்டாயிற்று. நீரோட்டம்தான் இடிக்கிறது. நம் சிங்கப்பூர் நீரிணையில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது தென்சீனக் கடல் நீர், தென்மேற்கின்போது ஜாவாக் கடல் நீர் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். துருவத்துக்கு மட்டும் “ஆழத்திலிருந்து சத்து மேலே வருகிறது” என்ற ஒரே வரி போதுமா? ஆர்க்டிக்குக்கும் அண்டார்க்டிக்குக்கும் ஒரே படம் போடலாமா? பாசியின் பச்சை நிறமியைக் காட்டும் செயற்கைக்கோள் குளோரோஃபில் வரைபடத்தைச் சான்றாக ஒட்டலாமா?

ஆழிநீர்:
அந்த ஒரு வரி தப்பில்லை, பாதிதான். நீரோட்டம் சத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, தின்னப்படும் உயிரையே தூக்கிக்கொண்டு வருகிறது. உங்கள் படத்தில் கீழிருந்து மேலே போகும் அம்பு இருக்கிறது, பக்கவாட்டு அம்பு இல்லை.

முதலில் சத்து. அண்டார்க்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் சுற்றோட்டம் வினாடிக்கு 13 கோடி கன மீட்டருக்கும் மேல் நீரைத் தள்ளுகிறது. உலக ஆறுகள் அத்தனையும் சேர்ந்தால்கூட 12 லட்சம் கன மீட்டர் அளவில்தான் நிற்கும். அங்கே வீசும் மேலைக்காற்று, புவிச் சுழற்சியால் மேற்பரப்பு நீரை இடப்பக்கமாக, அதாவது வடக்கே, ஒதுக்குகிறது. அந்தக் காலியிடத்துக்கு ஆழ்நீர் ஏறிவருகிறது. கூடவே நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட்.

ஆனால் சத்து கொட்டிக் கிடந்தும் பெரும்பகுதியில் பாசி அடர்வதில்லை. காரணம் இரும்புப் பற்றாக்குறை. கடலியலாளர் ஜான் மார்ட்டின் வலியுறுத்திய கருத்து இது. 1999-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கடலில் இரும்பு கலந்து பார்த்த சோதனையில் பாசி பெருகியதும் உறுதியானது. ஆகவே நீரோட்டம் எங்கே தரைத்திட்டையும் தீவையும் உரசி இரும்பை அள்ளிக்கொள்கிறதோ, அங்கிருந்து அது போகும் திசையில்தான் பச்சை தெரியும். அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் தீவுகளான கெர்குலன், தென் ஜார்ஜியா இரண்டும் நல்ல எடுத்துக்காட்டு.

இன்னொரு தடை வெளிச்சம். புயல் 100 மீட்டருக்கும் கீழே கலக்கிவிட்டால் பாசி பாதி நேரம் இருட்டில் கிடக்கும். வசந்தத்தில் பனி உருகும்போது உப்புக் குறைந்த நீர் மெல்லிய மூடிபோல மேலே நிற்பதால்தான் பனி விளிம்பில் டயட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) பொங்குகிறது.

இனி கிரில். முட்டைகள் பல நூறு மீட்டர் மூழ்கிய பிறகே பொரிக்கும், குஞ்சு மேலே நீந்தி வரவேண்டும். ஆழம் குறைந்த திட்டில் முட்டையிட்டால் முட்டை தரையைத் தொட்டு, அங்குள்ளவற்றுக்கு இரையாகிவிடும். 1-2 டிகிரி இருக்கும் ஆழ்நீரில் பொரிப்பு விரைவுபடுவதால் குஞ்சு ஏறவேண்டிய தூரமும் குறைகிறது. மேலே வந்த குஞ்சுக்குக் குளிர்காலத்தில் பனியின் அடிப்பாசிதான் சாப்பாடு. ஆக நீரின் ஆழம், வெப்பம், பனி மூன்றும் ஒத்துவரும் இடத்தில்தான் கிரில் பிழைக்கும். “கிரில் எங்கும் இருக்கும்” என்று எழுதிவிடாதீர்கள்.

வடமுனைக்காரன்:
ஒரே படம் வேண்டாம். தெற்கே நிலத்தைச் சுற்றிக் கடல், வடக்கே கடலைச் சுற்றி நிலம். ஆர்க்டிக்கில் ஆற்றுநீரும் உருகுநீரும் மேலே படிந்து கலப்பைத் தடுப்பதால், அங்கே நுழைவாயில்கள்தான் கதையைத் தீர்மானிக்கின்றன.

பசிபிக்கையும் ஆர்க்டிக்கையும் இணைக்கும் பெரிங் நீரிணையின் அகலம் 85 கி.மீ, ஆழம் 50 மீட்டர் அளவுதான். பசிபிக்கின் நீர்மட்டம் சற்று உயரம் என்பதால் வினாடிக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் வடக்கே நுழைகிறது. அதற்கு வடக்கேயுள்ள சுக்சி கடல் ஆழமில்லாததால், தின்று தீராத பாசி தரையில் விழுந்து சிப்பி, புழு, ஆம்பிபாட் (இறாலுக்கு உறவான சிற்றுயிர்) ஆகியவற்றுக்குத் தீனியாகிறது. வால்ரஸும் சாம்பல் திமிங்கிலமும் அடித்தரையில் மேய்வது அதனால்தான்.

அட்லாண்டிக் பக்கம் வேறு கணக்கு. வெதுவெதுப்பான நீர் கலானஸ் பின்மார்கிகஸ் என்ற சிறு கோபிபாடைக் (நீரில் மிதக்கும் நுண் ஓட்டுயிர்) கொண்டுவரும், அளவு 2-3 மி.மீ. குளிர்நீரில் வாழும் கலானஸ் கிளேசியாலிஸ் அதைவிடப் பெரிது, உடலில் கொழுப்பும் பல மடங்கு. நாளைக்குச் சுமார் 60,000 கோபிபாட் தேவைப்படும் லிட்டில் ஆக் பறவைக்கு இந்த வேறுபாடு வயிற்றுப் பிரச்சினை. நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் குளிர் நீரோட்டம் தொடும் ஹார்ன்சுண்ட், அட்லாண்டிக் நீர் புகும் காங்ஸ்பியோர்டு என்ற இரு கடற்கழிகளையும் அருகருகே வரையுங்கள். பெயர்ப் பலகையில் இரண்டிலும் “கோபிபாட்” என்றே இருக்கும். தட்டில் விழும் கொழுப்பு வேறு.

வரைபடப்பித்து:
குளோரோஃபில் படத்தை ஒட்டலாம், ஆனால் அப்படியே நம்பக்கூடாது. துருவ இரவிலும் மேகத்திலும் தரவு இல்லை; வெள்ளையாக விட்ட இடத்தைப் பிள்ளைகள் “பாசி இல்லை” என்று படித்துவிடுவார்கள், அதற்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். வழக்கமான கணக்கீட்டு முறை தென்பெருங்கடலில் குளோரோஃபிலைக் குறைத்துக் காட்டும். ஆர்க்டிக்கில் லேனா, மெக்கென்சி போன்ற ஆறுகள் கொண்டுவரும் பழுப்புக் கரைபொருளையும் பாசியாகக் கணக்கிட்டுக் கூட்டிக் காட்டும். பனிக்கு அடியில் இருப்பது தெரியவே தெரியாது: 2011-இல் சுக்சி கடலில் பனிக்கு அடியிலேயே பெரும் பாசிப்பெருக்கைக் கப்பலில் போனவர்கள்தான் கண்டார்கள்.

தெற்குக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதத் தொகுப்பை எடுங்கள். நிற அளவை மடக்கை அளவில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்கு), 0.01 முதல் 10 மி.கி/கன மீட்டர் வரை. நேர் அளவில் வைத்தால் கடல் முழுக்க ஒரே நீலம். பக்கத்தில் உலகக் கடல் அட்லஸின் மேற்பரப்பு சிலிக்கேட் படத்தை வையுங்கள். குளிர்ந்த அண்டார்க்டிக் நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் துருவ முகப்புக்கு வடக்கே சிலிக்கேட் சரிவது தெரியும், டயட்டம் தின்று தீர்த்த தடம் அது.

கரையோரம்_சிங்கை:
நன்றி. அப்படியென்றால் தென் ஜார்ஜியா படத்தில் கிரிலுக்குக் கீழே முட்டை, குஞ்சு என்று போடக்கூடாதா?

ஆழிநீர்:
போடாதீர்கள். அங்கே கிரில் பெரிதாக இனப்பெருக்கம் செய்து தங்குவதில்லை, வெளிவரத்துதான். சுமார் 1500 கி.மீ தென்மேற்கே அண்டார்க்டிக் தீபகற்பப் பக்கமிருந்து நீரோட்டத்தில் சில மாதங்கள் மிதந்து வருகிறது. வரத்து குறைந்த ஆண்டில் ஜென்டூ பெங்குயினும் ஃபர் சீலும் குஞ்சுகுட்டியை வளர்க்கத் திணறும், உள்ளூர்ப் பாசி நன்றாக இருந்தாலும்கூட. படச் சட்டத்தின் இடப்பக்க ஓரத்தில், பெட்டிக்கு வெளியிலிருந்து கிரிலுக்கு ஒரு தடித்த அம்பு போடுங்கள். மண்டாயில் ஜென்டூவைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது போதும்.