இனச்செல்லுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏற்பி உண்டா, இல்லையா?

நுண்ணோக்கி:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "விந்தணுவாக வேண்டிய இனச்செல்கள் சாவதே டெஸ்டோஸ்டிரோன் போதாமல்தான். ஊசி போட்டால் சாகாது, எண்ணிக்கை கூடும்." படித்ததும் எரிச்சல் வந்தது. இனச்செல்லில் டெஸ்டோஸ்டிரோனின் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியே கிடையாது. ஏற்பி இருப்பது, அதைச் சுற்றி அணைத்து நிற்கும் செர்டோலி செல்லில். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் எஃப்.எஸ்.எச். ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும் பேசுவது செர்டோலியிடம். அது கைவிட்டால் இனச்செல் சாகும். வெளியிலிருந்து ஊசி போட்டால் விரையைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைப் பிட்யூட்டரி குறைத்துவிடும், விரையில் டெஸ்டோஸ்டிரோன் செய்யும் லேடிக் செல் சுரப்பது நின்று, விரைக்குள் இருக்கும் அளவு சரியும். விரைக்குள் இருப்பது ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஊசி அதை ஈடுகட்டாது.

தோள்பலம்:
எழுதியது நான்தான். என் நண்பன் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தான், குழந்தை பிறந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நுண்ணோக்கி:
1990இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில் வாரம் 200 மி.கி. ஊசியை ஆண் கருத்தடையாகவே சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தணு பூஜ்யம் ஆனது, எல்லோருக்கும் ஆகவில்லை. உங்கள் நண்பர் தப்பியவர்களில் ஒருவர். அதனால் ஏற்பி முளைத்துவிடாது.

ஸ்லைடுகாரர்:
தம்பி, 22 வருடம் திசு ஆய்வகத்தில் ஸ்லைடு போட்டவன் நான். எலி விரையில் ஏற்பிக்கு நிறமேற்றியபோது இனச்செல்லிலும் நிறம் ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். "கிடையாது" என்று அடித்துச் சொல்ல நீங்கள் எத்தனை ஸ்லைடு பார்த்தீர்கள்?

நுண்ணோக்கி:
ஐயா, செர்டோலியின் சைட்டோபிளாசம் இனச்செல்லைப் போர்த்தியிருக்கிறது. நிறம் எங்கே ஏறியது என்பதிலேயே கண் ஏமாறும். 2004இல் செர்டோலியில் மட்டும் ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளில் விந்தணு ஆக்கம் பாதியில் நின்றது. 2006இல் இனச்செல்லில் மட்டும் ஏற்பிக்கான மரபணுவை நீக்கினார்கள். இனப்பெருக்கத்தில் குறை இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஸ்லைடுகாரர்:
என் கண் ஏமாந்தது என்கிறீர்களா? வைட்டமின் டி விவாதத்திலும் இப்படித்தான் பெரியவர்களை மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

தமிழ்ச்சொல்:
இரண்டு பேரும் "சாவது" என்றே எழுதுகிறீர்கள். இது தானாகத் திட்டப்படி நடக்கும் மரணம். 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தவர்கள் இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள். நாம் "உதிர்மரணம்" என்று எழுதலாமே.

நுண்ணோக்கி:
உதிர்மரணம் என்றே வைத்துக்கொள்வோம். ஹார்மோன் முழுதாக இருந்தாலும் இனச்செல்கள் ஏராளமாக உதிரும். ஒரு செர்டோலி தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மிகுந்தவை உதிராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? 1995இல், செல்லை உதிரச் செய்யும் பேக்ஸ் மரபணு இல்லாத ஆண் சுண்டெலிகளில் இளம் இனச்செல்கள் குழாய்களில் நெரிந்து குவிந்தன, முதிர்ந்த விந்தணு ஒன்றுகூட இல்லை. மலடு. மரணத்தைத் தடுத்தால் விந்து பெருகும் என்பவர் இதைப் படிக்கட்டும்.

தோள்பலம்:
எல்லாம் எலிதானே? நாங்கள் என்ன எலியா?

ஸ்லைடுகாரர்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

நுண்ணோக்கி:
உங்கள் ஸ்லைடும் எலிதான், ஐயா.

ஸ்லைடுகாரர்:
ஸ்லைடில் பார்த்தது பார்த்ததுதான். இனச்செல்லில் நிறம் இருந்தது.

நுண்ணோக்கி:
இனச்செல்லில் ஏற்பி இல்லை.

தமிழ்ச்சொல்:
"ஏற்பி" என்பதும் சரியில்லை, "வாங்கி" என்றால் இன்னும் எளிது.

தோள்பலம்:
சரி, நான் நண்பனிடமே எந்த மாதத்தில் ஊசி போட்டான் என்று கேட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை இதை யாரும் பூட்ட வேண்டாம்.