நியூயோர்க்கில் எழுதிய பழைய அற்றோணித் தத்துவம் இன்னும் செல்லுமா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
வணக்கம். என் பெரியம்மா நெடுங்காலமாக நியூயோர்க்கில் மகனுடன் வசிக்கிறார். தம் வங்கிக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை 2017இல் அந்த மாநிலத்தின் அற்றோணித் தத்துவப் படிவத்தில் (ஒருவர் தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அந்த மகனுக்கு, அதாவது அண்ணாவுக்கு, எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது மறதி கூடி வருகிறது. சில நாட்களில் தெளிவாகப் பேசுகிறார், சில நாட்களில் என் அம்மாவின் பெயர்கூட அவருக்கு நினைவில் இல்லை. சென்ற மாதம் அங்குள்ள வங்கியொன்று, சட்டம் மாறிவிட்டது, படிவம் பழையது என்று வாய்மொழியாகச் சொல்லி அண்ணாவைத் திருப்பி அனுப்பிவிட்டது. புதிதாக எழுதத்தான் வேண்டுமா? நிலாவெளி வீதியிலுள்ள பெரியம்மாவின் சீதனக் காணியை விற்பதற்கும் அதே பத்திரம் போதுமா?

பதில் 1 (நியூயோர்க்கில் சட்ட அலுவலகமொன்றில் பணியாற்றியவர்):
சட்டம் மாறியது உண்மை. ஆனால் அதனால் பழைய பத்திரம் செல்லாமற்போகவில்லை. 2021 ஜூன் 13 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், எழுதப்பட்ட காலத்துச் சட்டப்படி முறையாக ஒப்பமிடப்பட்ட தத்துவங்களைத் தொடர்ந்து ஏற்கிறது. தத்துவத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, எழுதிக் கொடுத்தவரின் நினைவாற்றல் பின்னர் குன்றினாலும் அது முடிவடையாது. உங்கள் பெரியம்மாவைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமானது.

முன்பு படிவத்தின் வாசகம் சட்டத்திலுள்ளபடியே அச்சொட்டாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு சொல் பிசகினாலும் வங்கிகள் மறுத்தன. இப்போது பெருமளவில் ஒத்திருந்தாலே போதும். அதற்கு ஈடாக, புதிதாக எழுதும் தத்துவங்களுக்கு இரண்டு சாட்சிகள் தேவைப்படுகின்றனர். நொத்தாரிசு அவர்களுள் ஒருவராக இருக்கலாம், ஆனால் அதிகாரம் பெறுபவர் சாட்சியாக முடியாது.

அண்ணா பத்திரத்தை வங்கியில் மீண்டும் கையளித்து, மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்கட்டும். பத்து வேலை நாட்களுக்குள் ஏற்க வேண்டும், அல்லது காரணம் காட்டி எழுத்தில் மறுக்க வேண்டும் என்பது சட்டம். எழுதிக் காலம் கடந்துவிட்டது என்பதோ, வங்கியின் சொந்தப் படிவத்தில் இல்லை என்பதோ மட்டும் நியாயமான காரணமாகாது. நியாயமின்றி மறுத்தால் நீதிமன்றம் நட்டஈட்டையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் விதிக்க இடமுண்டு. வாய்மொழி மறுப்பைக் கேட்டுத் திரும்பிவந்த குடும்பங்கள் பலவற்றைக் கண்டவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 2 (திருகோணமலையில் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்தவர்):
பிள்ளை, காணிக்கு அந்தப் பத்திரத்தை நம்பி இறங்க வேண்டாம். இங்குள்ள காணியின் விற்பனை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் உறுதிப் பத்திரமாக முடிக்கப்பட வேண்டியது. அற்றோணித் தத்துவத்துக்கு 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் உள்ளன. ஆகவே காணியின் விபரம், உறுதி இலக்கம், விற்கும் அதிகாரம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லும் விசேட தத்துவம் ஒன்றை இங்குள்ள நொத்தாரிசைக் கொண்டு வரைவித்து, அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் வழியாக ஒப்பமும் உறுதிப்படுத்தலும் பெற்று, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியுங்கள். பெரியம்மா தெளிவாக இருக்கும் நாளில், தாம் எதற்கு ஒப்பமிடுகிறார் என்பதை விளங்கிக்கொண்டு மட்டுமே ஒப்பமிட வேண்டும். அன்றைய நிலை குறித்து மருத்துவரின் கடிதம் ஒன்றை வாங்கி வைத்தால், பின்னர் உறவினருக்குள் வழக்கு எழும்போது அது பெரிதும் உதவும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னுமொன்று: பெரியம்மா மாதாமாதம் என் அம்மாவுக்கு அனுப்பிவந்த பணத்தை அவர் சார்பில் அண்ணா தொடர்ந்து அனுப்பலாமா?

பதில் 1:
அது அன்பளிப்பாகவே கருதப்படும். பழைய முறையில் ஆண்டுக்கு மொத்தம் 500 டொலருக்கு மேல் கொடுப்பதற்கு, அன்பளிப்புக்கெனத் தனி இணைப்புப் பத்திரம் தேவைப்பட்டது. 2017இல் அதில் ஒப்பமிட்டாரா என்று அண்ணாவிடம் கேளுங்கள். புதிய சட்டம் அந்த இணைப்பை நீக்கி, எல்லையை 5,000 டொலராக உயர்த்தியது. அதற்கு மேல் வேண்டுமானால் படிவத்தின் மாற்றங்கள் பகுதியிலேயே எழுதிவிடலாம். இணைப்பு இல்லையென்றால், காணித் தத்துவத்துக்கு ஒப்பமிடும் அதே தெளிவான நாளில் நியூயோர்க்கின் புதிய படிவத்திலும் ஒப்பமிட்டு, உங்கள் அம்மாவுக்கு அனுப்பும் தொகையை அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.