வாடகைக்குக் கொடுத்த டிராக் கார் ‘டிக் டிக்’ சத்தத்தோடு திரும்பியிருக்கிறது – செலவு யாருடையது?

வளைவுநேசன்:
வணக்கம். டிராக்குக்கென்றே (பந்தயத் தடத்துக்கென்றே) மாற்றியமைத்த சின்ன இரண்டு கதவு கார் ஒன்று வைத்திருக்கிறேன். டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் எஞ்சின், ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு), ஆறு முனை பெல்ட், தனி இசியு (எஞ்சினை இயக்கும் கணினி). வருடத்தில் பெரும்பாலான நாள் ஷெட்டில்தான் நிற்கிறது. டயர், பிரேக் பேட் செலவாவது வரட்டும் என்று டிராக் நாட்களில் மற்றவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினேன்.

கடைசியாக ஓட்டியவர் அனுபவசாலி, நிதானமானவர். எங்கும் மோதவில்லை, தடத்தை விட்டு இறங்கவுமில்லை. ஆனால் வண்டியில் இரண்டு குறைகள். பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. மறுநாள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மேல்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ சத்தம், ஐடிலிங்கும் சீராக இல்லை. கேட்டால், “நான் எதுவும் செய்யலையே, முன்னாடியே இருந்திருக்கும்” என்கிறார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குள் எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை.

இது அவர் ஓட்டியதால் வந்ததா, தேய்மானமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இனிமேல் கொடுத்தால் என்ன எழுதி வாங்க வேண்டும்?

ஸ்பேனர்செட்:
முதலில், அந்த எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பெடல் விஷயத்தை அவர் தலையில் போடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் தரநிர்ணயம் கேட்பதே 155 டிகிரிதான். டிராக்கில் காலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி, பெடல் உள்ளே போகும். ஷெட்டில் நின்ற வண்டியின் ஆயிலை டிராக் நாளுக்கு முன் மாற்றுவது உரிமையாளர் வேலை. மாற்றி, ஏர் எடுத்துவிட்டு, பேட் கனத்தையும் பாருங்கள்.

சத்தம் வேறு கதை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் தவறான கியர் மாதிரிதான் இருக்கிறது. மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கை இரண்டுக்குப் போயிருக்கும். உதாரணத்துக்கு இரண்டாம் கியர் விகிதம் 2.0, மூன்றாவது 1.4 என்று வையுங்கள். மூன்றில் 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வந்தவர் இரண்டில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் 10,000-க்கு இழுக்கப்படும். ரெவ் லிமிட்டர், அதாவது எஞ்சின் சுற்றுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு, காப்பாற்றாது. அது பெட்ரோலையோ ஸ்பார்க்கையோதான் நிறுத்தும். இங்கே எஞ்சினைச் சுற்றுவது சக்கரம். அந்த வேகத்தில் வால்வ் ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. பிஸ்டன் தட்டும், வால்வ் வளையும்.

இசியுவில் பதிவு இருந்தால் அதிகபட்ச ஆர்பிஎம்மையும் அதே நொடியின் வண்டி வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் செங்குத்தாக எகிறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு, ஸ்டார்ட் செய்யாமலேயே நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) பாருங்கள். ஒன்று குறைந்தால் லீக்டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. காற்று சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், இன்டேக் வழியாக வந்தால் இன்டேக் வால்வ், ஆயில் மூடி வழியாக வந்தால் பிஸ்டன் ரிங்.

பிட்லேன்:
சில காலமாக இதையே தொழிலாகச் செய்கிறேன், அதனால் ஒப்பந்தம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் காப்பீடு. சாலைக்கான பாலிசிகள் பெரும்பாலும் டிராக் ஓட்டத்துக்குப் பொருந்தாது. வாடகைக்கு விடுவது அதிலிருந்து தனி விலக்கு. ஒன்றுக்குச் சரி என்றார்களே என்று இரண்டாவதைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். டிராக் காப்பீடு கிடைத்தாலும் ஓட்டுபவர் பெயர் அதில் இருக்கிறதா, நஷ்டத்தில் முதல் பங்கு எவ்வளவு நம் கையிலிருந்து போகும் என்று பாருங்கள். அந்தப் பங்கை முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்வதுதான் நியாயம். நண்பராக இருந்தாலும் சாவிக்கு முன்னால் முன்பணம். தடுப்புச் சுவர் சேதம், தடத்தில் கொட்டிய ஆயிலைச் சுத்தம் செய்வது, இழுவை வண்டி என்று டிராக் நிர்வாகம் பில் போட்டால் யார் கட்டுவது என்பதையும் எழுதுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

மோதல் சேதம் ஓட்டுநருடையது, தேய்மானம் உரிமையாளருடையது. இதில் யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை நடுவில்தான். அதனால் ஆர்பிஎம் எல்லையை எண்ணாகவே எழுதுங்கள்: லிமிட்டருக்கு மேல் இவ்வளவு போனால் எஞ்சின் பரிசோதனைச் செலவும், கிடைக்கும் சேதமும் ஓட்டுநர் பொறுப்பு, இசியு பதிவே சாட்சி. வண்டி கொடுக்கும்போது பழைய பதிவை அழித்து, பேட் கனம், டயர், நான்கு பக்கமும் இருவரும் சேர்ந்து படம் எடுங்கள். திரும்ப வாங்கும்போதும் அவர் நிற்கும்போதே பார்க்க வேண்டும். மறுநாள் கண்டுபிடித்த குறைக்கு வாதாடுவது கஷ்டம்.

வாடகையை நாள் கணக்கில் போடாதீர்கள், எஞ்சின் ஓடும் மணிக்குப் போடுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் ஓவராலுக்கு ஆகும் செலவை, அவை தாங்கும் மணிநேரத்தால் வகுத்து, டயர், பேட், டிஸ்க்கையும் அதே மாதிரி சேர்த்தால் ஒரு மணிநேரத்தின் உண்மையான விலை வரும். அதற்குக் கீழே கொடுத்தால் உங்கள் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறீர்கள்.

வலதுசீட்:
பயிற்றுநராக ஒரு கேள்வி. உங்கள் சீட் முன்னும் பின்னும் நகருமா? டிராக் காரில் சீட்டை உரிமையாளர் உயரத்துக்குப் பொருத்தி இறுக்கிவிடுவது வழக்கம். வேறு உயரத்துக்காரர் உட்கார்ந்தால் கிளட்சைச் சரியாக மிதிக்க முடியாது, பெல்ட் இறுக்கத்தில் தோள் நகராது. கியர் லீவரைப் பிடித்த கை நேராகப் போகாமல் பக்கவாட்டில் விலகும். மூன்றுக்குப் பிறகு இரண்டு விழ இதுவே போதும். தான் செய்தது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

சீட்டுக்கு ரெயில் போடுங்கள். பெல்ட் லேபிளில் காலாவதி ஆண்டு இருக்கும், அதையும் பாருங்கள். நாம் மட்டும் ஓட்டும்போது எப்படியோ, அடுத்தவரை உட்கார வைக்கும் காரில் காலாவதியான பெல்ட் இருக்கவே கூடாது. எவ்வளவு அனுபவசாலியானாலும் முதல் சில சுற்றுக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும்.

வளைவுநேசன்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்பேனர்செட் அண்ணா சொன்னபடியே இருக்கிறது. லிமிட்டர் 7,400, பதிவில் ஒரு கணம் 9,600. வேகம் ஏறவில்லை. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைவு, லீக்டவுனில் காற்று சைலன்சர் வழியாக வருகிறது. சீட்டும் நகராது, அவர் என்னைவிட நல்ல உயரம்.

கிராஃபை அவருக்கு அனுப்பினேன். அந்த இடத்தில் வண்டி ஒரு உதறு உதறியது நினைவிருக்கிறது, பின்சக்கரம் வழுக்கியதென்று நினைத்தேன் என்றார். ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) வேலையில் பாதியைத் தானே ஏற்பதாகவும் சொன்னார். எழுத்தில் ஒன்றுமில்லாதபோது அது பெருந்தன்மை, ஒப்புக்கொண்டேன். பிரேக் வேலை என்னுடையது.

ஹெட்டைக் கழற்றும்போது அந்த ஒரு வால்வை மட்டும் மாற்றினால் போதுமா?

ஸ்பேனர்செட்:
போதாது தம்பி. எல்லா வால்வையும் வெளியே எடுத்து நேராக இருக்கிறதா, வால்வ் நகரும் கைடு விரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத்தூள் தேடுங்கள். தூள் இல்லாவிட்டாலும் சம்ப்பை (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை) இறக்கி கனெக்டிங் ராட் போல்ட்டும் பேரிங்கும் பாருங்கள், 9,600-இல் இழுபட்டது அவையும்தான். அந்தச் செலவையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.